வளைந்த பிளைவுட்டை எங்கே போடலாம்?

கேள்வி: காலணி அலமாரி செய்வதற்காக 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று வாங்கி, வீட்டு வாசல் தாழ்வாரத்தில் இரண்டு வாரம் சாய்த்து வைத்திருந்தேன். இப்போது நீளவாக்கில் வில் போல வளைந்து கிடக்கிறது. தரையில் போட்டால் நடுவில் ஒரு விரல் நுழைகிறது. நிமிர்த்த முடியுமா? - உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: பலகையில் குறை இருக்கலாம். ஆனால் சாய்த்து வைத்தது உங்கள் தவறு. எட்டடிப் பலகை தன் பாரத்திலேயே தொய்யும். அதோடு, சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், பிற்பகலில் 60 வரை இறங்கும். சுவரை ஒட்டிய பக்கமும் காற்றுப்படும் பக்கமும் ஒரே அளவில் ஈரம் குடிக்காது. அதிகம் குடித்த பக்கம் விரிந்து புடைக்கும். நல்ல பிளைவுட்டில் ஏடுகள், அதாவது ஒட்டப்பட்ட மெல்லிய மர அடுக்குகள், ஒன்றுக்கொன்று குறுக்காக, ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருப்பதால் இரு பக்க இழுப்பும் சமமாகிவிடும். மலிவுச் சரக்கில் உள் ஏடுகளின் தடிமன் ஒழுங்காக இருக்காது. அந்தச் சமநிலை முதலிலேயே கெட்டிருக்கும்.

குழிந்த பக்கத்தில் ஈரத்துணி விரித்து, பாரம் ஏற்றி வைக்கும் பழைய வித்தை உண்டு. நிமிரும். துணியை எடுத்த சில நாளில் பாதி வளைவு திரும்பி வந்துவிடும். அதனால் நான் அதை நம்புவதில்லை.

அதைவிட, அறுத்துவிடுங்கள். நீளம் பாதியானால் வளைவு கால் பங்காகும். எட்டடியில் 16 மி.மீ. என்றால் நாலடியில் 4, இரண்டடியில் 1 மி.மீ.தான். அலமாரியின் பக்கப் பலகைகளுக்கும் தட்டுகளுக்கும் இந்தத் துண்டுகள் தாராளமாகப் போதும். திருகும் பசையும் மிச்சத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தட்டுகளில் புடைத்த பக்கம் மேலே வரட்டும். காலணிகளின் பாரமே அதை அமுக்கிவிடும்.

கதவுக்கு மட்டும் வேண்டாம். ஒரு பக்கம் கீலில் தொங்கும் பலகையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. நாலடிக் கதவில் 4 மி.மீ. வளைவு இருந்தால், மூடும்போது நடுவிலோ முனைகளிலோ வாய் பிளக்கும். கதவுக்கு வேறு பலகை வாங்குங்கள். வெளிப்பக்கம் லேமினேட் ஒட்டினால் உள்பக்கமும் அதே தடிமனில் ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டக் காசு பார்ப்பவர்கள்தான் ஆறு மாதம் கழித்து எனக்கு எழுதுகிறார்கள்! விளிம்புகளுக்கும் வார்னிஷ் தடவுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் அதிகம் ஏறும்.

ஒன்று மறந்துவிட்டேன். பலகையைத் தரையில் போட்டு ஒரு மூலையை அமுக்கும்போது எதிர் மூலை எழுந்தால், அது வளைவு இல்லை, முறுக்கு. அப்படியானால் சிறு துண்டுகளாக்கி இழுப்பறைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை சுங்கை காடுட் பக்கம் வாங்கப் போனால், விளிம்பைப் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே இடைவெளியோ, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பதோ தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒரே உயரமுள்ள நாலைந்து மரக்கட்டைகள் மேல் படுக்கவைத்துவிடுங்கள்.