ஓடுவதும் ஓட்டுவதும்

வணக்கம் ஐயா,

என் மகள் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் 2. டியூஷனில் ‘ரன்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு முப்பது பொருள் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து படிக்கிறாள். ஆனால் வாக்கியத்தில் வந்தால் தடுமாறுகிறாள். துணி துவைப்பதைப் பற்றிய பத்தியில் ‘தி கலர் ரான்’ என்று வந்ததற்கு ‘நிறம் ஓடியது’ என்று எழுதிவிட்டு அழுதாள். ஆக்ஸ்ஃபர்ட் அகராதியில் இந்தச் சொல்லுக்கு 645 பொருள் இருப்பதாகச் சொல்லி அவள் அண்ணன் வேறு பயமுறுத்திவிட்டான். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறதே, ஆங்கிலம் மட்டும் ஏன் இப்படி? மனப்பாடத்தை விட்டால் வேறு வழி உண்டா?

ஒரு தாய், பிறை, மலேசியா

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முதலில் அந்தப் பட்டியலை மகளிடமிருந்து வாங்கி எடுத்து வைத்துவிடுங்கள். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அண்ணன் சொன்ன எண் சரிதான். அதுவும் வினைச்சொல்லாக மட்டும். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது. அதன் பிறகு நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதங்களுக்கு மேல் உழைத்தார். அவர் செய்த வேலை என்ன? அந்தச் சொல் வந்த வாக்கியங்களைப் பார்த்துப் பார்த்து, ஒத்துப் போகிறவற்றை ஓரிடத்திலும் மாறுபடுகிறவற்றை வேறிடத்திலும் வைத்தார். முதலில் வாக்கியம், அப்புறம்தான் பொருள். உங்கள் மகளிடம் வாக்கியங்களைப் பிடுங்கிக்கொண்டு பொருளை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அவள் தடுமாறுவது இயல்பு.

இதற்கான வழியைத் தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் சொல்லிவிட்டார். பல பொருள் தரும் ஒரு சொல் வந்தால், அது எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதை வினை, இனம், சார்பு ஆகிய மூன்றால் தெளியலாம் என்கிறார். உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். ‘மா பூத்தது’ என்றால் அது மாமரம் என்று வினை காட்டிவிடுகிறது. ‘மாவும் மருதும்’ என்றால் பக்கத்தில் நிற்கும் இனமே சொல்லிவிடுகிறது. கவசம் போட்டு நிற்பவன் ‘மா கொண்டுவா’ என்றால் அவன் கேட்பது குதிரையை, அது சார்பு. ‘மா’ பெயர்ச்சொல், ‘ரன்’ வினை. ஆனாலும் சொல்லைத் தனியே முறைத்துப் பார்க்காமல் அக்கம்பக்கத்தைப் பார் என்ற அறிவுரை இதற்கும் அப்படியே பொருந்தும். துணி, தண்ணீர் என்று பேசிக்கொண்டிருக்கும் பத்தியில் நிறம் ‘ரன்’ ஆனால் சாயம் போயிற்று என்றுதான் பொருள். மலாயில் ‘லுந்துர்’ என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் இந்தச் சொல்லில் மாட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் ஒன்றே ஒன்று. தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. நட வேறு, நடத்து வேறு. தானாக நடப்பதற்கும் இன்னொருவர் நடத்துவதற்கும் நாம் சொல்லின் உடம்பையே மாற்றுகிறோம். மலாயிலும் ‘ஜாலான்’ என்றால் நடப்பது. ‘கான்’ சேர்த்து ‘ஜாலான்கான்’ ஆக்கினால் நடத்துவது. பழைய ஆங்கிலத்திலும் இவை இரண்டு வினைகளாகத்தான் இருந்தன. காலப்போக்கில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனால் ஃபெர்ரி ஓடுவதும் ‘ரன்’, ஃபெர்ரி நிறுவனத்தை ஒருவர் நடத்துவதும் ‘ரன்’. வ.உ.சி.யைக் கப்பலோட்டிய தமிழன் என்கிறோமே, அவர் சுக்கான் பிடித்தவர் அல்ல. 1906இல் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கி நடத்தியவர். அந்த ‘ஓட்டிய’ என்பதற்குள் ஆங்கிலேயரின் ‘ரன்’ முழுசாக உட்கார்ந்திருக்கிறது. மகளிடம் இதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: சொல்லுக்குப் பின்னால் ‘எதை’ என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்று பார். இருந்தால் பெரும்பாலும் ஓட்டு, நடத்து, இயக்கு. இல்லையென்றால் ஓடு, பாய், ஒழுகு, நீள். பினாங்கின் வெல்ட் கீ சாலை கடலோரமாக ‘ரன்’ ஆகிறது என்றால் அது அந்தப் பக்கம் நீண்டு போகிறது, அவ்வளவுதான்.

தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கமாட்டேன். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, சுவருக்குச் சாயம் அடிக்கிறோம், ஹாரன் அடிக்கிறோம், போன் அடிக்கிறோம், யாருக்கோ நாலு நம்பர் லாட்டரி அடித்துவிட்டது என்கிறோம். இதில் எங்கே அடி விழுந்தது? மலாய்க்காரர் மூன்று மணியை ‘புக்குல் தீகா’ என்கிறார், அதுவும் அடிப்பதுதான். அடிக்கடி புழங்கும் சின்னச் சொல்லின் தலையில்தான் எந்த மொழியும் சுமையை ஏற்றும். அதை வறுமை என்று நினைக்காதீர்கள். தொல்காப்பியர் ‘கடி’ என்ற ஒரு சொல்லுக்குக் கூர்மை, காவல், புதுமை, அச்சம் என்று பத்துப் பொருள் சொல்லியிருக்கிறார்.

தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ ஆகிறார். பிரிட்டிஷ்காரர் நிற்கிறார், நாமும் நிற்கிறோம். மலாயில் ‘பெர்தாண்டிங்’, போட்டியிடுவது. ஒரே காரியத்தை மூன்று விதமாகப் பார்த்திருக்கிறார்கள். மும்மொழி தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்டினால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் தெரியுமா?

இன்னொன்று. ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோவது, ‘ரன் இன்டூ’ என்றால் எதிர்பாராமல் எதிர்ப்படுவது. இவற்றைப் பிரித்துப் பார்க்கவே வேண்டாம், தனிச்சொற்களாகவே எடுத்துக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள் என்பதற்கும் ஓடிப்போனாள் என்பதற்கும் என்ன தூரம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். இந்தச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் முழு வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளட்டும். கீழே தமிழில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி. பொருளுக்கென்று தனிப் பத்தி வேண்டாம். டியூஷன் ஆசிரியரிடமும் பக்குவமாகப் பேசிப் பாருங்கள். பட்டியலுக்குப் பதில் வாக்கியங்கள் தரச் சொன்னால் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். எந்த வாக்கியமாவது பிடிபடவில்லை என்றால் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.