அரை மணி நேரத்துக்கு எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் எழுதிய குறிப்பில், ‘நேயர் எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் ஒரு பொது வானொலியை மூடக்கூடாது’ என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

நான் வாரத்தில் அரை மணி நேரம் வானொலி கேட்டாலே அதிகம். அதுவும் கார் ஓட்டும்போதுதான். மற்றபடி பாட்காஸ்ட், நானே தொகுத்து வைத்திருக்கும் பாட்டுகள். அந்த அரை மணி நேரத்துக்காக நான் ஏன் வரியோ கட்டணமோ கொடுக்க வேண்டும்? கேட்பவர் கொடுக்கட்டும், கேட்காதவரை விட்டுவிடலாமே. அலைவரிசைகளை ஏலம் விட்டுவிட்டால் யாருக்கு எது வேண்டுமோ அதைச் சந்தையே தந்துவிடாதா? பொது ஒலிபரப்பு என்பது பழைய காலத்தின் மிச்சம் என்றே நினைக்கிறேன்.

சம்பந்தமில்லாமல் இன்னொன்று. பரணில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

கே.

*

அன்புள்ள கே.,

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நான் ஓசி நேயர். வெளிநாட்டுப் பொது வானொலி ஒன்றின் இரவு இசை நிகழ்ச்சியை இணையம் வழியாகப் பத்து வருடமாகக் கேட்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறை நன்கொடை கேட்பார்கள். அந்த வாரம் ஒலியைக் குறைத்துவைத்துவிட்டு, பாட்டு ஆரம்பித்ததும் ஏற்றிக்கொள்வேன். ஆகவே நீங்கள் கொடுத்தே ஆகவேண்டும் என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் இல்லை. ஆனால் உங்கள் கணக்கில் ஒரு பிசகு இருக்கிறது. அதைச் சொல்ல ஓசி நேயனுக்கும் உரிமை உண்டு.

‘அரை மணி நேரத்துக்காக’ என்கிறீர்கள். கேட்ட நேரத்தை அளந்து காசு கேட்பது, கேட்பதால் ஏதோ தீர்ந்துபோகிறது என்றால்தான் நியாயம். நீங்கள் ஒரு சட்டையை வாங்கினால் அது எனக்குக் கிடையாது. கோபுரத்திலிருந்து கிளம்பிய அலை அப்படியில்லை. அதை ஒருவர் பிடித்தாலும் ஒரு கோடிப் பேர் பிடித்தாலும் ஒலிபரப்பியின் மின்கட்டணம் ஒன்றுதான். பொருளியலாளர் பால் சாமுவேல்சன் 1954ல் பொதுப்பண்டம் என்பதற்கு இலக்கணம் சொன்னபோது இதைத்தான் அடிப்படையாக வைத்தார்: ஒருவர் நுகர்வதால் இன்னொருவருக்குக் குறையாத பண்டம். கூடுதலாக ஒருவர் கேட்பதற்குச் செலவே இல்லை என்றால், அவரிடம் வாங்கவேண்டிய சரியான விலையும் பூஜ்யம். விலை வைத்தால் சிலர் கேட்காமல் போவார்கள், அதனால் யாருக்கும் ஒரு காசு மிச்சமாகாது. ஆனால் பூஜ்யம் விலைக்கு விற்றுக்கொண்டு அறிவிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஒலிபரப்பின் பொருளாதாரம் முழுக்க இந்த ஒரு முடிச்சைச் சுற்றித்தான் நடக்கிறது.

‘இப்போதுதான் பூட்டுப் போட வசதி வந்துவிட்டதே, சந்தா கட்டியவருக்கு மட்டும் திறந்துவிடலாமே’ என்பீர்கள். சாமுவேல்சனிடமும் இதைக் கேட்டார்கள், தொலைக்காட்சிச் சமிக்ஞையைக் குழப்பி அனுப்பிக் காசு கட்டியவருக்கு மட்டும் தெளியவைக்கும் கருவியை முன்வைத்து. பூட்ட முடிகிறது என்பதால் பூட்டுவது சரியாகிவிடாது, வெளியே நிற்பவரை உள்ளே விட அப்போதும் செலவில்லையே என்றுதான் அவர் வாதிட்டார்.

இதில் எனக்கு ஒரு சங்கடம். நீங்கள் காரில் கேட்கும் பண்பலையால் நிலையத்துக்குக் கூடுதல் செலவில்லை. நான் இணையத்தில் கேட்கிறேன். அங்கே ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகத் தரவை அனுப்பவேண்டும். அமெரிக்காவில் இன்னொரு கூத்து உண்டு: கோபுரத்திலிருந்து பாட்டைப் போட்டால் பாடகருக்கு ராயல்டி தரவேண்டியதில்லை, அதே பாட்டை இணையத்தில் ஓடவிட்டால் தரவேண்டும். ஆகவே உங்கள் ஓசியைவிட என் ஓசி மோசமானது. எல்லாரும் இணையத்துக்கு வந்துவிட்டால் வானொலிக்குச் செலவு குறையும் என்று பேசுபவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. கோபுரத்தையும் உடனே சாய்த்துவிட முடியாதென்பதால், பல நிலையங்கள் இப்போது இரண்டு செலவையும் சேர்த்துத் தாங்குகின்றன.

அடுத்து உங்கள் ஏலம். அதற்கு நல்ல முன்னோடி இருக்கிறார். பிபிசியின் ஏகபோகத்தை நியாயப்படுத்தச் சொல்லப்பட்ட காரணங்களை 1950ல் ஒரு புத்தகமாகவே எழுதிச் சல்லடையாக்கியவர் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ். 1959ல் அலைவரிசைகளை விற்றுவிடலாம் என்றார். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தில் போய்ச் சொன்னபோது, இது என்ன வேடிக்கையா என்று ஓர் ஆணையர் கேட்டாராம். 1994ல் அதே ஆணையம் ஏலத்தை ஆரம்பித்தது. அலைவரிசையை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியில் கோஸ் ஜெயித்துவிட்டார், மறுப்பில்லை. ஆனால் வாங்கியவர் அதில் எதை ஒலிபரப்புவார் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு 1952ல் பீட்டர் ஸ்டெய்னர் என்ற பொருளியலாளர் ஒரு கணக்குப் போட்டார். என் எண்களில் சொல்கிறேன். மொத்தம் 100 நேயர்கள். 70 பேருக்குப் பாட்டு மட்டும், 20 பேருக்குச் செய்தி மட்டும், 10 பேருக்கு நாடகம் மட்டும் பிடிக்கும். நிலையங்கள் விளம்பரத்தில் பிழைக்கின்றன, ஆகவே தலைகளை எண்ணுகின்றன. முதல் நிலையம் பாட்டுப் போட்டு 70 பேரைப் பிடிக்கும். இரண்டாவது வருபவர் செய்தி போட்டால் 20, பாட்டைப் பங்குபோட்டால் 35. பாட்டுத்தான் போடுவார். மூன்றாமவருக்கும் பாட்டில் 23 பேர், செய்தியைவிட லாபம். நான்காமவருக்குத்தான் முதன்முதலாகச் செய்தி என்ற யோசனை வரும். நாடகத்துக்குக் குறைந்தது எட்டாவது நிலையம் வரை காத்திருக்கவேண்டும். மூன்று நிலையமும் ஒரே கையில் இருந்தால்? அவர் தன்னோடு தானே போட்டிபோட மாட்டார். பாட்டுக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று, நாடகத்துக்கு ஒன்று வைத்து நூறு பேரையும் பிடிப்பார். போட்டி இருந்தால் வகை பெருகும் என்று நாம் நினைப்பது, விளம்பரத்தில் நடக்கும் ஒலிபரப்பில் தலைகீழாகப் போகக்கூடும். ரேடியோவைத் திருகத் திருக ஒரே பாட்டு வருகிறதே என்று சலித்துக்கொள்கிறோமே, அதன் காரணம் 1952லேயே காகிதத்தில் ஏறிவிட்டது.

பாட்காஸ்ட் வந்தபின் இடப்பற்றாக்குறையே இல்லை, எட்டாவது என்ன, எண்பதாயிரமாவது நிலையமும் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். பாதி ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பேர் மைக் முன்னால் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிகளுக்கு இன்று பொதுப்பணம் தேவையில்லை. அதைச் சந்தை கொட்டிக் கொடுக்கிறது, சில நேரம் போதும் போதும் என்னும் அளவுக்கு. ஆனால் பற்றாக்குறை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. அன்று அலைவரிசை போதவில்லை. இன்று, ஒரு சிறிய ஊரின் நகராட்சிக் கூட்டத்தில் நாள் முழுக்க உட்காரும் செய்தியாளருக்குச் சம்பளம் போதவில்லை. பத்து நடிகர்களை வைத்து எடுக்கும் நாடகம், சில ஆயிரம் பேர் மட்டும் பேசும் மொழியில் செய்தி, ஓர் இசைக்குழு எல்லாம் இந்த ரகம். கேட்பவர் குறைவாக இருப்பதால் செலவு குறையாதவை. ஸ்டெய்னரின் பத்துப் பேர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

இங்கே நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லவேண்டும். யார் பணம் கொடுக்கிறாரோ அவர்தான் நாம் கேட்கும் பழக்கத்தையும் உருவாக்குகிறார். 1922 ஆகஸ்டில் நியூயார்க்கின் டபிள்யூஈஏஎஃப் நிலையம் காசு வாங்கிக்கொண்டு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு நிறுவனத்தைப் பேசவிட்டது. சுமார் பத்து வருடங்களில் சோப்புக் கம்பெனிகள் பகல்நேரத் தொடர்களை நடத்தின. தினமும் அதே நேரம், கால் மணி நேரம், நாளைக்கு என்ன ஆகும் என்ற கொக்கி. ‘சோப் ஒபேரா’ என்ற பெயரே அதில் வந்ததுதான். தினசரி ஒரே நேரத்தில் ரேடியோ முன்னால் உட்காரும் பழக்கத்தை வளர்த்ததில் பெரிய பங்கு சோப்பு விற்றவர்களுக்கு உண்டு.

அதே 1922ல் பிரிட்டனில் ரேடியோ வைத்திருப்பவருக்குப் பத்து ஷில்லிங் உரிமக் கட்டணம் வைத்தார்கள். அங்கே பிபிசியை நடத்திய ஜான் ரீத் நேர் எதிராக நடந்துகொண்டார். ஆரம்பகால பிபிசி, நிகழ்ச்சிகளுக்கு நிலையான நேரம் வைப்பதை வேண்டுமென்றே தவிர்த்தது. நிகழ்ச்சிகளுக்கு நடுவே மௌனமும் விட்டது. ரேடியோ குழாய்த் தண்ணீர்போல ஓடக்கூடாது, நேயர் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்து கேட்டுவிட்டு அணைக்கவேண்டும் என்பது எண்ணம். அழகான எண்ணம். கட்டணம் தவறாமல் வந்துகொண்டிருந்ததால் கட்டுப்படியான எண்ணமும்கூட. அதே தெம்பில்தான் ஞாயிற்றுக்கிழமைகளை மதநிகழ்ச்சியும் கனமான இசையுமாக நிரப்பினார். நேயர்கள் 1930களில் கூட்டம் கூட்டமாக, வெளிநாட்டிலிருந்து விளம்பரத்தோடு ஒலிபரப்பிய ரேடியோ லக்ஸம்பர்க் பக்கம் போனார்கள். நேயர் ஆய்வுக்கென்று ஓர் ஆளை பிபிசி நியமித்ததே 1936ல்தான். பொதுப்பணம் வாங்குபவர் நேயரைக் கேட்காமலே நேயருக்கு நல்லது எது என்று முடிவுசெய்யும் இந்த மிதப்பு இன்றும் பல பொது நிலையங்களில் உண்டு. உங்கள் எரிச்சலின் ஒரு பங்கு அதிலிருந்து வருகிறது என்றால், அதில் நானும் கூட்டு.

மூன்றாவது வழி, நேயரே கொடுப்பது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1949ல் கேபிஎஃப்ஏ நிலையத்தை ஆரம்பித்த லூயிஸ் ஹில் இதற்கு ஒரு கோட்பாடே எழுதினார். எல்லாரும் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் வேண்டாம்; கேட்கக்கூடியவர்களில் 2 சதவீதம் பேர் சந்தா கட்டினால் போதும் என்பது அவர் கணக்கு. ஓசி நேயர்களைத் திட்டாமல், அவர்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே போட்ட கணக்கு என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும். நிலையம் இன்றும் இருக்கிறது. ஆனால் பெர்க்லி படித்தவர்கள் நிறைந்த பல்கலைக்கழக ஊர். வசதியில்லாத ஊரில் அந்த 2 சதவீதத்தை எங்கே தேடுவது? 2025ல் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த இரண்டு வருடப் பணத்தை, சுமார் 110 கோடி டாலரை, திரும்ப எடுத்துக்கொண்டது. பெருநகர நிலையங்களுக்கு அது வருமானத்தில் சிறு பகுதி, நன்கொடையாளர்களிடம் போகலாம். தொலைதூரத்துச் சிறு நிலையங்கள் சிலவற்றுக்கு அதுதான் பாதி உயிர். ‘கேட்பவர் கொடுக்கட்டும்’ என்ற வாசகம் நடைமுறையில் ‘கொடுக்க முடிந்தவர் கேட்கட்டும்’ என்று முடிகிறது.

பழக்கம் மாறிவிட்டது என்கிறீர்கள். உண்மைதான், ஆனால் முதல்முறை அல்ல. தொலைக்காட்சி மாலை நேரத்தைப் பிடுங்கிக்கொண்டபோது வானொலி முடிந்தது என்றார்கள். ஆனால் 1954ல் கைக்கடக்கமான டிரான்சிஸ்டர் சந்தைக்கு வந்தது. கூடத்தில் குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்ட பெட்டி, தனியாள் வேலைசெய்துகொண்டே கேட்பதாக ஆயிற்று. உச்சநேரம் மாலையிலிருந்து காலைக்கு நகர்ந்தது. நாம் இன்று அதைக் கவனித்துக் கேட்பதில்லை, கூடவே வைத்துக்கொள்கிறோம். அதனாலேயே எவ்வளவு கேட்டோம் என்பது நமக்குச் சரியாகத் தெரிவதும் இல்லை. முன்பு நேயர் தன் நினைவிலிருந்து குறிப்பேட்டில் எழுதித் தருவார். அமெரிக்காவில் 2007 வாக்கில், ஒலியில் காதுக்குப் புலப்படாமல் பொதிந்த குறியீட்டைத் தானே பிடிக்கும் சிறு கருவியை ஆட்களிடம் கொடுத்தார்கள். எழுதியதைவிட அதிக நிலையங்களை, ஒவ்வொன்றையும் குறைந்த நேரம் அவர்கள் கேட்டிருந்தது தெரியவந்தது. உங்கள் அரை மணி நேரமும் நினைவுக் கணக்குத்தான், இல்லையா? கடைகளில், ஆட்டோவில், காத்திருப்பு அறைகளில் காதில் விழுந்ததைச் சேர்த்தீர்களா?

ஆனால் இரண்டு மணி நேரம் என்று வந்தாலும் என் வாதம் மாறாது. 1964ல் பர்டன் வைஸ்பிராட் என்ற பொருளியலாளர் ஒரு கருத்தைச் சொன்னார். மருத்துவமனைக்கு இன்று போகாதவரும், தேவைப்பட்டால் போகலாம் என்ற வாய்ப்புக்காக ஏதோ கொடுக்கத் தயாராக இருப்பார். அந்தத் தொகை எந்தக் கட்டணச் சீட்டிலும் வராது. மூடியபின் வேண்டும் என்றால் உடனே திறக்கவும் முடியாது. வானொலி நிலையமும் அப்படித்தான். 2010ல் பிபிசி தன் ‘6 மியூசிக்’ நிலையத்தை மூடப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியது, முடிவு கைவிடப்பட்டது, நேயர் கூட்டமும் பெருகியது. அப்படி ஒன்று இருப்பதே மூடப்போகிறார்கள் என்ற செய்தியால்தான் பலருக்குத் தெரிந்தது.

எப்படி வசூலிப்பது என்பதில் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். மாளிகைக்கும் ஒற்றை அறைக்கும் ஒரே உரிமக் கட்டணம் என்பது அநியாயம். பின்லாந்து 2013ல் வருமானத்துக்கேற்ற தனி வரியாக மாற்றியது நல்ல வழி. ஜெர்மனி அதே வருடம், கருவி இருக்கிறதா என்று வீடுவீடாகக் கேட்பதை விட்டுவிட்டு, குடும்பத்துக்கு ஒரு கட்டணம் என்றாக்கியது. பிரான்ஸ் 2022ல் கட்டணத்தையே எடுத்துவிட்டது. பணம் அரசுக் கஜானா வழியாக வருகிறது, அதாவது எந்த அரசு வந்தாலும் அதன் முகத்தைப் பார்க்கவேண்டும். சுவிட்சர்லாந்தில் 2018ல் கட்டணத்தை ஒழிக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுத்தார்கள். 71 சதவீதத்துக்கு மேல் ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்றார்கள். அவர்களில் உங்களைப்போல வாரம் அரை மணி நேரம் கேட்பவர்களும் கணிசமாக இருந்திருக்கவேண்டும். இல்லாமல் அந்த எண் வராது.

கடைசியாக, பரணில் இருப்பது. தூக்கிப் போடாதீர்கள். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்த்துக்கலும் நடுப்பகலில் இருண்டன. மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் கைப்பேசிச் சமிக்ஞையும் போனது. பேட்டரி ரேடியோக்கள் கடைகளில் விற்றுத் தீர்ந்தன. தெருவில் யாரோ ஒருவர் கையிலிருந்த டிரான்சிஸ்டரைச் சுற்றி முன்பின் தெரியாதவர்கள் நின்று கேட்டார்கள். சுற்றி நின்றவர்களால் பேட்டரி சீக்கிரம் தீரவில்லை.

இறக்கித் துடைத்து, பண்பலையும் மத்திய அலையும் எடுக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.