பூட் அடி வழுக்கையாகிவிட்டது: சோல் மாற்றலாமா, புதிது வாங்கலாமா?

கேள்வி: நான்கு வருடமாக ஒரே ரைடிங் பூட்தான். மேல் தோல் இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் இடது பூட்டில் முன்பாதத்தின் அடியிலும் குதிகாலின் வெளி ஓரத்திலும் கட்டைகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. தெருமுனையில் செருப்புத் தைப்பவர் பழைய டயரை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்கிறார். ஒட்டலாமா, புதிதே வாங்கிவிடவா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இடது பூட் முந்திக்கொண்டு தேய்வது இயல்புதான். சிக்னலில் வலது கால் பிரேக்கை விடாது. தரையில் ஊன்றுவது இடது கால். வண்டியின் எடை சாயும்போது கால் சற்று வெளிப்பக்கமாக இறங்குவதால் குதிகாலின் வெளி ஓரம் முதலில் கரையும். கிக் அடிப்பவர்களின் வலது பூட்டைத் திருப்பிப் பாருங்கள், நடுவில் கிக்கர் தடம் தனியாகத் தெரியும்.

எந்தப் பசை நல்லது என்பதற்கு முன், உங்கள் சோல் எந்த வகை என்று பார்க்க வேண்டும். மேல் தோலும் அடியும் சேருமிடத்தில் சுற்றிலும் ஒரு பட்டை வெளியே நீட்டிக்கொண்டு, அதன் மேல் தையல் ஓடுகிறதா? பூட்டைக் கவிழ்த்தால் அடியிலும் அதே நூல் ஒரு பள்ளத்தில் தெரிகிறதா? இரண்டுக்கும் ஆமென்றால் அது பெரும்பாலும் குட்இயர் வெல்ட். டயர் கம்பெனியோடு இதற்குச் சம்பந்தமில்லை. ரப்பரை வல்கனைஸ் செய்த சார்லஸ் குட்இயரின் மகன் பெயரில் 19ஆம் நூற்றாண்டில் வந்த தையல் முறை இது. பழைய சோலைப் பிரித்துவிட்டுப் புதிது தைப்பதற்கென்றே அமைந்தது. உங்களுடையது இதுவானால் யோசிக்கவே வேண்டாம், முழு சோல் மாற்றிவிடுங்கள். ஆனால் அதற்கு விளிம்புத் தையல் மெஷின் வைத்திருப்பவர் வேண்டும். மேலே மட்டும் நூல் தெரிந்து அடியில் இல்லையென்றால் ஏமாற வேண்டாம், பல பூட்டுகளில் அது அழகுக்கு அச்சில் வார்த்த தையல்.

தையலே இல்லாமல் ஒட்டிய சோல் என்றால், கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். ரப்பர் அமுங்கி உடனே எழும்பும். நகம் பதிந்த இடம் பழைய கேக் மாதிரி உதிர்ந்தால் அது பியு, அதாவது பாலியூரித்தேன்; காற்றின் ஈரம் உள்ளே புகுந்து அதைச் சிதைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தினமும் போட்ட பூட்டைவிட, பீரோவில் பத்திரமாக வைத்த பூட்தான் இப்படிச் சீக்கிரம் போகும். உதிரும் சோலின் மேல் எதை ஒட்டினாலும் ஒட்டிய துண்டோடு பழைய சோலும் பெயர்ந்து வரும். அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

சரி, டயர் விஷயம். டயர் செருப்பு உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நடக்க. வெட்டிய டயர்த் துண்டு தன் வளைவுக்கே திரும்பப் பார்க்கும். கால் மடங்கும் இடத்தில் முனை பிரிந்துகொண்டே இருக்கும். உள்ளே நூலும் சில டயர்களில் கம்பியும் உண்டு, ஒழுங்காக உப்புத்தாள் போட முடியாது. தடிமன் வேறு. உங்களுக்கு வேண்டியது முன்பாதத்துக்கு ஒரு ஹாஃப் சோல், குதிகாலுக்கு ஒரு ஹீல் துண்டு, இரண்டும் கெட்டி ரப்பர் ஷீட்டில். ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும் மைக்ரோ ஷீட் வேண்டாம். ஃபுட்ரெஸ்ட் அதைக் குழி பறித்துவிடும். சென்னைக்கு வரும் வேலை இருந்தால் பெரியமேட்டில் ஷீட், ஹீல், பசை எல்லாம் விற்கும் கடைகள் உண்டு.

தைப்பவரிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். வேலையின் உயிர் ஒட்டுவதில் இல்லை, சுரண்டுவதில் இருக்கிறது. மிச்சமிருக்கும் கட்டைகளைச் சீவிச் சமமாக்கி, சொரசொரப்பான உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் சொல்யூஷன் மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டுவதுதான் ஒரே வாரத்தில் பிரிவதற்குக் காரணம். வைத்த பிறகு நகர்த்த முடியாது, ஆகவே முனையைச் சரிபார்த்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியால் தட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காலில் போடாதீர்கள். சோல் டிபிஆர் (தெர்மோபிளாஸ்டிக் ரப்பர்) அல்லது பியு என்றால் சாதாரண சொல்யூஷன் பிடிக்காது, ப்ரைமரும் பியு பசையும் கேளுங்கள். உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். கண்ணாடி மாதிரி இறுகி, கால் மடங்கியதும் விரிசல் விடும்.

ஆணி அடிக்கவும் விடாதீர்கள். மழை புகாத பூட்டுகளில் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உறை போல இருக்கும். ஒரு ஆணி ஆழமாக இறங்கினால் போதும், அடுத்த மழையில் சாக்ஸ் நனையும்.

இதையெல்லாம் தள்ளிப்போட்டு நானே அனுபவித்திருக்கிறேன். ஒரு பெட்ரோல் பங்க்கில் டீசல் சிந்திய தரையில் இடது காலை ஊன்றினேன். வழுக்கை சோல், கால் அப்படியே விலகிப் போனது. வண்டி மெதுவாகப் படுத்தது, எனக்கு அடியில்லை. கிளட்ச் லிவரும் மானமும்தான் போயின. கட்டைகளுக்கு அடியில் வேறு நிற அடுக்கு எட்டிப் பார்க்கும்வரை காத்திருந்தால் ஹாஃப் சோலுக்கும் பிடிமானம் இருக்காது. உங்கள் பூட் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஒன்று பாக்கி. இரண்டு பூட்டுக்கும் சேர்த்தே போடுங்கள், இல்லையென்றால் இடுப்பு கோணும். சோல் தடிமன் ஏறினால் கியர் லிவருக்கு அடியில் கால் நுழைய இடம் குறையும். லிவரை ஒரு பல் மேலே ஏற்றிப் போடச் சொல்லுங்கள். வலது காலை ஃபுட்ரெஸ்ட்டில் சும்மா வைத்திருக்கும்போதே பிரேக் லைட் எரிகிறதா என்று யாரையாவது பின்னால் நிற்கவைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.