ஸ்வெர்ட்ரூப் எழுதாத புத்தகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நார்வேயின் 1814 அரசியல் சாசனத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னை இழுத்துப் பிடித்தவர் யேயோர்க் ஸ்வெர்ட்ரூப். கிரேக்கப் பேராசிரியர், சாசன சபையின் கடைசித் தலைவர். ஆனால் பெயர் சொல்லும்படி பெரிய நூல் எதையும் விட்டுச்செல்லவில்லை. இவ்வளவு படித்தவரை அரசியல் விழுங்கிவிட்டதா? அறிஞர்கள் அரசியலிலிருந்து தள்ளி நிற்பதுதானே நல்லது? அந்த மாசற்ற மனிதரைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

குளிர்தேசத்து நூலகர் ஒருவருக்காக இவ்வளவு வருத்தப்பட ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அறிஞனைப் புத்தக எண்ணிக்கையால் எடைபோடும் பழக்கத்தை விட்டொழியுங்கள்.

ஸ்வெர்ட்ரூப் 1770இல் பிறந்தவர். கோபன்ஹேகனிலும் கோட்டிங்கனிலும் படித்தார். கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், புதிய பல்கலைக்கழகம் 1813இல் பாடம் நடத்தத் தொடங்கியபோது அங்கே பேராசிரியரானார். அதே ஆண்டில் நூலகப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1845 வரை அவரிடமே இருந்தது. கோபன்ஹேகன் அரச நூலகத்தில் இரட்டைப் பிரதியாகக் கிடந்தவைதான் அந்த நூலகத்தின் முதல் இருப்பில் பெரும்பகுதி. நாட்டில் அச்சாகும் நூல்களை நூலகத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற விதி 1815இல் வந்தது, 1839இல் போனது, மறுபடி வர 1882 ஆனது. இடைப்பட்ட காலத்தில் வெளியானவற்றை நூலகம் கேட்டோ வாங்கியோதான் சேர்க்க வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த நூலகத்தைக் கட்டியவரை ‘எழுதவில்லை’ என்று குறை சொல்வது, கிணறு வெட்டியவனிடம் ஏன் ஒரு குடம்கூட விற்கவில்லை என்று கேட்பதுபோல.

தள்ளி நிற்பது பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர் தள்ளி நின்றிருந்தால் அந்த இடத்தில் ஒரு தளபதி நின்றிருப்பார்.

நீங்கள் கேட்காமல் விட்டதுதான் எனக்கு முக்கியம். ஜனவரி 14, 1814 அன்று கீல் ஒப்பந்தத்தில் டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரெடெரிக் நார்வேயை ஸ்வீடன் அரசருக்கு விட்டுக்கொடுத்தார். நார்வேயில் ஆளுநராக இருந்த இளவரசர் கிறிஸ்தியான் ஃபிரெடெரிக் டென்மார்க் அரியணைக்கு அடுத்த வாரிசு. பரம்பரை உரிமையில் தன்னையே அரசனாக அறிவித்துக்கொள்ள நினைத்தார். பிப்ரவரி 16 அன்று எய்ட்ஸ்வோலில், இரும்பாலை உரிமையாளர் கார்ஸ்டன் ஆங்கரின் வீட்டில், 21 முக்கியஸ்தர்கள் கூடினார்கள். ஸ்வெர்ட்ரூப் அங்கே இளவரசரிடம் சொன்னதன் சாரம் இது: அரசர் தன் உரிமையைத் துறக்கலாம், ஒரு மக்களை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. அவர் துறந்ததும் ஆளும் உரிமை மக்களிடமே திரும்பிவிட்டது. ஆகவே மற்ற எந்த நார்வேக்காரனுக்கும் இல்லாத உரிமை எதுவும் இளவரசருக்கு இல்லை. கிரீடம் வேண்டுமானால் மக்களிடம் வாங்கிக்கொள்ளட்டும். இளவரசர் வழிக்கு வந்தார்.

எல்லோரும் கைதட்டி நிறுத்திவிடும் இடம் இது. உரிமை மக்களிடம் திரும்பிவிட்டது என்று சொல்ல ஒரு மாலைப்பொழுது போதும். ரயிலோ தந்தியோ இல்லாத பனிக்காலத்தில், சிதறிக் கிடக்கும் பண்ணைகளில் வாழும் அந்த மக்களை எப்படிக் கூட்டுவது? கைக்கு எட்டிய ஒரே அமைப்பு தேவாலயம். பிப்ரவரி 19 தேதியிட்ட அறிவிப்பு ஊர் ஊராகப் போனது. 25ஆம் தேதி வழிபாட்டு நாள். தொலைவான ஊர்களில் செய்தி எட்டிய பிறகு. முதலில் நாட்டின் சுதந்திரத்தைக் காப்போம், உயிரையும் ரத்தத்தையும் கொடுப்போம் என்ற உறுதிமொழி. அதே கூட்டத்திலேயே ஒவ்வொரு தேவாலயச் சபையும் இரண்டு தேர்வாளர்களைத் தேர்ந்தது. தேர்வாளர்கள் மாவட்ட அளவில் கூடி மூன்று பேரை அனுப்ப வேண்டும். மூவரில் ஒருவராவது விவசாயியாக இருந்தாக வேண்டும். நகரங்களும் படைப்பிரிவுகளும் தனித்தனியே ஆள் அனுப்பின. ஊர்ப்புறத்திலிருந்து 54, நகரங்களிலிருந்து 25, தரைப்படை, கடற்படையிலிருந்து 33 என மொத்தம் 112 பேர் ஏப்ரல் 10 அன்று எய்ட்ஸ்வோலில் சாசன சபையாகக் கூடினார்கள். ஆறே வாரம்!

அந்த ஆறு வாரத்தில்தான் ஓட்டையும் விழுந்தது. வடகோடியில் நூர்லான், ஃபின்மார்க் பகுதிகளிலிருந்து ஒருவரும் இல்லை. செய்தி வடக்கே போய், தேர்தல் நடந்து, ஆள் தெற்கே வந்து சேர அந்த அவகாசம் போதவில்லை. தேர்தலை அதிகாரிகளும் பாதிரிமார்களும் நடத்தியதால் அவர்களில் பலரே சபைக்கும் வந்தார்கள். சபை எழுதிய சாசனம் வாக்குரிமையை இன்னும் வடிகட்டியது: 25 வயது நிறைந்த ஆண், அரசு அதிகாரி, அல்லது பதிவான நிலத்தின் சொந்தக்காரர், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைதாரர், நகரத்து வணிகர் அல்லது சொத்துடையவர். பண்ணைக் கூலிக்கு வாக்கு இல்லை. பெண்கள் 1913 வரை காத்திருந்தார்கள்.

குறை இவ்வளவு இருந்தும் அந்த நடைமுறை, அது அமர்த்திய அரசரைவிட நீடித்தது. மே 17 அன்று கிறிஸ்தியான் ஃபிரெடெரிக்கை அரசராகத் தேர்ந்தார்கள். சபைத் தலைவர் பதவி வாரத்துக்கு ஒருவரென மாறி வந்ததில், கடைசி வாரம் ஸ்வெர்ட்ரூப்புடையது. பரம்பரை உரிமை செல்லாது என்று பிப்ரவரியில் வாதிட்ட அதே மனிதர், மே 19 உரையில் நார்வேயின் பழைய அரியணை மீண்டும் எழுந்துவிட்டது என்று பூரித்தார். சிரிப்பு வருகிறது, இல்லையா? கோடையில் ஸ்வீடனோடு போர், ஆகஸ்ட் 14இல் மோஸ் உடன்படிக்கை, அக்டோபரில் அரசர் முடி துறந்தார். ஆனால் நவம்பர் 4 அன்று ஸ்வீடன் அரசர் பதின்மூன்றாம் கார்ல் நார்வேயின் அரசரானது கீல் ஒப்பந்தத்தைக் காட்டி அல்ல. ஸ்டோர்டிங் என்ற நாடாளுமன்றம் சாசனத்தைத் திருத்தி, அவரைத் தேர்ந்தெடுத்தது. நார்வே தோற்ற பிறகும் பிப்ரவரி வாதம் வேலை செய்தது என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம் அந்த ‘மாசற்ற’. சாசனத்தின் இரண்டாம் பிரிவைப் படிக்காமல் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். யூதர்கள் நாட்டுக்குள் நுழையக் கூடாது என்றது அது. அதற்காக நின்றவர்களில் சபை உறுப்பினர்களான ஃபால்சனும் நிகோலாய் வெர்கெலானும் உண்டு, உங்கள் ஸ்வெர்ட்ரூப்பும் உண்டு. கோட்டிங்கன் வரை போய்ப் படித்து வந்தவர், அறியாமை என்று சாக்குச் சொல்ல இடமில்லை. நிகோலாயின் மகன், கவிஞர் ஹென்ரிக் வெர்கெலான், அதை நீக்கச் சொல்லிப் போராடினார். 1842இல் பெரும்பான்மை கிடைத்தும் சாசனத் திருத்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. 1851இல்தான் நீங்கியது. ஸ்வெர்ட்ரூப் அதற்கு முந்தைய டிசம்பரில் இறந்துபோனார், கவிஞர் 1845லேயே.

அவர் ஏன் புத்தகம் எழுதவில்லை என்றுதானே கேட்டீர்கள்? வேலை இருந்தது. நீங்கள் முதலில் சாசனத்தை முதல் பிரிவிலிருந்து வரிசையாகப் படியுங்கள். பிறகு எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுகிறேன்.