அரசு மருந்தாளுநர் வேலையில் இருப்பவர்கள் ஏன் இவ்வளவு சலித்துக்கொள்கிறார்கள்?

"நிரந்தர அரசு வேலை, அப்புறம் என்ன குறை?" என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டை வைத்துச் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் வரிசை வாசல் வரை நிற்கும். மாத்திரை அட்டையை வெட்டி, எண்ணி, "இது காலையில, இது ராத்திரி" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கை உள்ளே நீளும். படித்ததோ மருந்தியல், ஒரு ஆளுக்குக் கிடைப்பதோ அரை நிமிடம். பாட்டி பழைய மாத்திரையையும் சேர்த்து விழுங்குகிறாரா என்று கேட்கக்கூட நேரமில்லை. அந்த ஆற்றாமைதான் பலரை உள்ளே அரிக்கிறது, சம்பளம் அல்ல.

வரிசை கரைந்தபின் இருப்புக் கணக்கு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும், 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து பாஸ்புக் (நிலையத்துக்கு ஒதுக்கிய தொகையும் எடுத்த மருந்தும் பதியும் கணக்குப் புத்தகம்) வைத்து மருந்து எடுத்து வர வேண்டும். காலாவதி தேதியைக் கவனிக்கத் தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர்தான்.

பதவி உயர்வும் மெதுவாகத்தான் வரும். தலைமை மருந்தாளுநர் ஆவதற்குள் தலை நரைத்துவிடும்.

சரி, விட்டுப் போகிறார்களா? நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் பெரும்பாலும் போவதில்லை. அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வந்த வேலையை யார் விடுவார்? போவது ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அதனால் ஆளைத் தக்கவைக்க நினைத்தால், முதலில் அந்த ஜன்னலில் இரண்டாவதாக ஒருவரை உட்கார வைக்க வேண்டும். காலியிடம் நிரப்பாமல் பயிற்சி வகுப்பு நடத்திப் பயனில்லை.