ஏரிக்கரை விடுதியும் அசல் ஜப்பானும்

அன்புள்ள ஐயா,

சென்ற அக்டோபரில் நானும் மனைவியும் ஜப்பான் போயிருந்தோம். டோக்கியோவுக்கு வடக்கே உள்ள நிக்கோ என்ற மலையூருக்கு மேலே, சூசென்ஜி ஏரிக்கரையில் உள்ள கனாயா ஹோட்டலில் ஓர் இரவு தங்கினோம். 1940-ல் தொடங்கிய விடுதி என்று படித்துவிட்டு ஆசையாகப் பதிவு செய்திருந்தேன். இப்போதுள்ள கட்டடம் 1992-ல் எழுப்பியது என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. கட்டில், மெத்தை, கத்தி, முள்கரண்டி, டிரவுட் மீன். ஊட்டியில் தங்கியதுபோல இருந்தது. ரியோகான் என்ற பழைய பாணி ஜப்பானிய விடுதியில் பாய்மீது படுத்திருந்தால் அசல் ஜப்பானைப் பார்த்திருக்கலாம் என்று மனைவிக்கு இன்னும் வருத்தம். ஜப்பானியர்களுக்கும் வெள்ளைக்கார மோகம் உண்டு என்றுதானே இந்த மாதிரி விடுதிகள் காட்டுகின்றன? அடுத்த முறை எங்கே தங்கலாம்? மலையேறும்போது மூன்று மணி நேரம் நெரிசலில் நின்றோம். மனைவிக்குச் சைவச் சாப்பாடும் திண்டாட்டம்தான்.

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

இலை சிவக்கும் அக்டோபரில் இரோஹாசாகா மலைப்பாதையில் போனால் நெரிசல் இருக்கத்தான் செய்யும். போக ஒரு பாதை, வர ஒரு பாதை, இரண்டிலுமாக 48 வளைவுகள். சைவம் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள். கட்டடத்தின் வயதைப் பதிவு செய்வதற்கு முன்பே பார்த்திருக்கலாம். இதெல்லாம் இருக்கட்டும்.

'அசல் ஜப்பான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக என் மனதிலும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது உண்மை.

முதலில் அந்த மோகம் பற்றி. உங்கள் விடுதியின் பெயரில் இருக்கும் கனாயா ஸெனிச்சிரோ, நிக்கோவின் தோஷோகு ஆலயத்தில் இசைக் கலைஞராக இருந்தவர். ஷோகன்கள் என்ற ராணுவத் தலைவர்களின் ஆட்சி முடிந்ததும் ஆலயத்துக்கு வந்துகொண்டிருந்த ஆதரவு நின்றது. அந்தச் சமயத்தில் ஜேம்ஸ் ஹெப்பர்ன் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் தங்க இடம் தேடி நிக்கோவுக்கு வந்தார். அந்நியரை வீட்டுக்குள் விட எல்லாரும் தயங்கிய காலம். கனாயா தன் வீட்டில் இடம் கொடுத்தார். இனி வெளிநாட்டார் நிறையப் பேர் வருவார்கள், வீட்டையே விடுதியாக்குங்கள் என்று யோசனை சொன்னவர் ஹெப்பர்ன்தான். 1873-ல் அது நடந்தது. 1878-ல் அங்கே தங்கிய இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பயணி, அறை இவ்வளவு நேர்த்தியாக இல்லாமல் இருந்தால் தேவலை என்று எழுதினார். மை சிந்திவிடுமோ, பாயில் தடம் விழுந்துவிடுமோ, காகிதச் சன்னல் கிழிந்துவிடுமோ என்று அவருக்கு ஓயாத பயம். அதன் பிறகு, 1893-ல்தான், கட்டிலும் நாற்காலியும் வைத்த மேலைநாட்டுப் பாணி ஹோட்டலைக் கனாயா திறந்தார். வருமானம் போன ஒரு கலைஞர் வீட்டுக்கு வந்த அந்நியனை எப்படி உட்கார வைப்பது, என்ன சாப்பிடக் கொடுப்பது என்று இருபது வருஷம் யோசித்து முடிவெடுத்திருக்கிறார். இதற்கு மோகம் என்று பெயர் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஊட்டியை ஆள வந்தவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டார்கள். நிக்கோவில் கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

நீங்கள் தங்கிய ஏரிக்கரை விடுதியின் கதை வேறு. 1930-ல் ஜப்பான் அரசு ரயில்வே அமைச்சகத்தின் கீழ் ஒரு சுற்றுலாத் துறையைத் தொடங்கியது. அந்நியச் செலாவணி வேண்டும். அதற்காக மலைகளிலும் ஏரிக்கரைகளிலும் வரிசையாக ஹோட்டல்கள் எழுந்தன. காமிகோச்சியில் 1933, பிவா ஏரியில் 1934, உன்சென்னில் 1935. அடுத்த வருஷம் 1940 ஒலிம்பிக்ஸ் டோக்கியோவுக்கு என்று முடிவானது. சீனாவோடு போர் தொடங்கியபின், 1938-ல், ஜப்பானே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. சூசென்ஜி விடுதி நிக்கோ கான்கோ ஹோட்டல் என்ற பெயரில் 1940-ல் திறந்தபோது, யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் வருவது கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. அதை வடிவமைத்த கூமே கோன்குரோ ஜெர்மனியில் படித்து வந்தவர். அந்தக் கட்டடம் இன்று இல்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் உங்கள் வருத்தம் அது இல்லையே.

அந்த டிரவுட்டையும் சொல்லிவிடுகிறேன். நன்தாய் எரிமலை கக்கிய குழம்பு ஆற்றை அடைத்ததால் உண்டான ஏரி அது. கீழே கேகொன் அருவி, 97 மீட்டர். மீன் ஏறி வர வழியே இல்லை. மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868-1912) மனிதர்கள் கொண்டுவந்து விடும்வரை ஏரியில் மீனே கிடையாது. அசலைத்தான் தேடுவேன் என்றால் அந்த ஏரியில் வெறும் தண்ணீர்தான் கிடைக்கும்.

சரி, ஏரிக்கரையில் ஓர் இரவு தங்கினீர்களே, மறுகரையில் இத்தாலியத் தூதரக வில்லா இருக்கிறது, போனீர்களா? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. 1928-ல் கட்டிய கோடைக்கால வீடு அது. 1997 வரை தூதர்கள் வந்து தங்கினார்கள், இப்போது யாரும் போய்ப் பார்க்கலாம். கட்டியவர் செக் நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டோடு டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக வந்தவர், பிறகு பிரிந்து தனியாகத் தொழில் செய்தார். அந்தச் சுவர்களுக்குக் கிட்டே போய் நிற்க வேண்டும். சுகி என்ற ஜப்பானிய தேவதாரு மரத்தின் பட்டையைத் தகடு தகடாக உரித்து, கட்டம் கட்டமாகப் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே கூரையிலும் அதே பட்டைதான், ஆனால் இடத்துக்கு இடம் பின்னல் மாறுகிறது. கீழ்த்தளம் முழுக்க நடுவில் தடுப்பில்லாமல் திறந்து கிடக்கிறது. இரண்டு கோடியிலும் கணப்பு. முன்னால் ஏரியைப் பார்த்த நீளத் தாழ்வாரம். இத்தாலியன் உட்கார நாற்காலி உண்டு, வீட்டின் உடம்போ முழுக்க அந்த மலையிலிருந்து வந்தது. இதில் எது ஜப்பான், எது மேலைநாடு என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

ரேமண்ட் பெயரை அங்கே படித்ததும் எனக்குப் புதுச்சேரிதான் நினைவுக்கு வந்தது. என் பெரியம்மா ஒருவர் ஆசிரமத்தோடு இருந்தவர். சிறுவயதில் என்னை ஒருநாள் கோல்கொண்ட் விடுதிக்குள் அழைத்துப் போனார். பேசக்கூடாது என்று வாசலிலேயே கையை அழுத்தினார். சுவர் இருக்க வேண்டிய இடத்தில், தரையிலிருந்து கூரை வரை திறந்து மூடும் பட்டைப் பலகைகள். வெளியே கொளுத்தும் மே மாத மதியம், உள்ளே காற்று வந்துகொண்டே இருந்தது. பெரியம்மா ஒரு பித்தளைக் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார். அன்பர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி ஆசிரமப் பட்டறையிலேயே வார்த்தவை அவை என்று வெளியே வந்தபிறகு சொன்னார். வழவழவென்று தேய்ந்திருந்த அந்தக் கைப்பிடி இன்னமும் என் விரலில் இருக்கிறது.

அந்தக் கட்டடமும் ரேமண்ட் வரைந்ததுதான். ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரியின் முயற்சியில் வந்த நன்கொடையில் கட்டியது, அதனால்தான் அந்தப் பெயர். ரேமண்டின் டோக்கியோ அலுவலகத்திலிருந்து வேலையை மேற்பார்க்க வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சத்தவர். ரேமண்டே 1938-ல் வந்து தங்கினார். நகரும் கதவு, சுவரைத் திறந்து காற்றை உள்ளே விடுவது, மரத்தை மரமாகவே விடுவது, எல்லாம் ஜப்பானியத் தச்சர்களிடம் அவர் கற்றவை. அந்தக் கல்வி வங்காள விரிகுடாக் கரையின் புழுக்கத்துக்கு ஏற்ற வீடாக மாறியது. ஒரு செக் நாட்டுக்காரர் ஜப்பானிடம் கற்றதைத் தமிழ் மண்ணில் கட்டியிருக்கிறார். நீங்களோ ஜப்பானுக்குப் போய்க் கட்டிலைப் பார்த்ததும் ஏமாந்துவிட்டேன் என்கிறீர்கள்.

ரேமண்டைப் புனிதராக்க நான் சொல்லவில்லை. 1943-ல், அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில், ராணுவம் தீக்குண்டுகளைச் சோதிக்க ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளை அச்சு அசலாகக் கட்டியது. பாய்கூட விட்டுப்போகவில்லை. அந்த வீடுகளின் வடிவமைப்பில் உதவியவரும் இவர்தான். அந்த வீடு எப்படி நிற்கிறது என்று தெரிந்தவருக்கு எப்படி எரியும் என்றும் தெரிந்திருந்தது. போர் முடிந்ததும் மறுபடி ஜப்பானுக்கே போய்ப் பல வருஷம் கட்டடம் கட்டினார். இந்த மனிதரை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பட்டைச் சுவரை நினைத்தால் பாலைவனமும் கூடவே வந்துவிடுகிறது.

எங்கே தங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ரியோகானில் தங்குங்கள், உங்கள் மனைவி ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. சூசென்ஜிக்கு மறுபடி போனால் காலையில் நடந்தே வில்லாவுக்குப் போய்விடுங்கள். நவம்பரோடு மூடினால் ஏப்ரலில்தான் திறப்பார்கள். வழியில் பழைய பிரிட்டிஷ் தூதரக வில்லாவும் உண்டு, பிரிட்டிஷ் தூதர் எர்னஸ்ட் சாட்டோ 1896-ல் தனக்காகக் கட்டியது. அவருடைய ஜப்பானிய மகன் தகேதா ஹிசயோஷி பெரிய தாவரவியலாளர் ஆனார்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து புதுச்சேரி ஒரு ராத்திரிப் பயணம். கோல்கொண்டைப் பார்க்க முடியுமா என்று ஆசிரமத்தில் முன்கூட்டியே கேளுங்கள். அனுமதி கிடைத்தால் மதிய வேளையில் போங்கள், இருவருமாக.