ஸ்விட்ச் நாலு, வேலை தெரிந்தது ஒன்று

வாசகர் கேள்வி – பதில்: சரக்கு வண்டிகள்

கேள்வி: 2017 மாடல் பொலேரோ பிக்கப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே பெயர் எழுதாத நாலு ஸ்விட்ச் இருக்கிறது. ஒன்றைப் போட்டால் முன்னால் ஃபாக் லைட் எரிகிறது. மற்ற மூன்றும் எதற்கென்று தெரியவில்லை. டேஷ்போர்டுக்குள் ஒரு சின்னக் கருப்புப் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்குகிறது. மூன்று நாள் வண்டியை எடுக்காவிட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. தெரியாத ஒயரையெல்லாம் வெட்டிவிடலாமா?
– ஒட்டன்சத்திரம் வாசகர்

பதில்: வெட்ட வேண்டாம். ஓடும்போது அந்த மூன்று ஸ்விட்சுகளைத் தொடவும் வேண்டாம். அதில் ஒன்று, திருட்டுக்குப் பயந்து பழைய உரிமையாளர் வைத்த டீசல் கட்-ஆஃப் (இன்ஜினுக்கு டீசல் போவதை நிறுத்தும் ஸ்விட்ச்) ஆகவும் இருக்கலாம்.

பலரும் ஸ்விட்சிலிருந்து தேடத் தொடங்கிச் சிக்கிக்கொள்கிறார்கள். பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். பாசிட்டிவ் முனையில் கம்பெனி மாட்டிய ஒயர்கள் நெளிகுழாய்க்குள் ஒழுங்காக ஓடும். பிறகு சேர்த்தவை கருப்பு டேப் சுற்றி, போல்ட்டுக்கு மேல் போல்ட்டாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் காகித டேப் ஒட்டி எண் போடுங்கள். எந்த ஒயரில் பியூஸ் இல்லையோ அதற்குத் தனிக் குறி வையுங்கள். வண்டி தீப்பிடிப்பது பெரும்பாலும் அந்த ஒயரில்தான்.

அடுத்து ஒரு டெஸ்ட் லேம்ப், அதாவது கரன்ட் இருக்கும் இடத்தைத் தொட்டால் எரியும் சோதனை விளக்கு. கிளிப்பைப் பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் மாட்டி, முனையை ஸ்விட்சின் பின்கால்களில் வையுங்கள். சாவி போடாமலே ஒரு காலில் லேம்ப் எரிந்தால் நேரடி பேட்டரி லைன். சாவி போட்டால் மட்டும் எரிந்தால் இக்னிஷன் லைன். ஸ்விட்சைப் போட்டதும் மறுகாலிலும் லேம்ப் எரிய வேண்டும். எரியாவிட்டால் ஸ்விட்ச் செத்துவிட்டது. எரிந்தும் வெளியே ஒன்றும் நடக்கவில்லை என்றால், மாட்டியிருந்த பொருளைக் கழற்றிக்கொண்டு ஒயரை மட்டும் விட்டிருக்கிறார்கள். இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் சென்சாருக்கும் போகும் ஒயர்களில் மட்டும் டெஸ்ட் லேம்ப் வைக்காதீர்கள். அதன் பல்பு இழுக்கும் கரன்ட்டை அவை தாங்காது; அங்கே மல்டிமீட்டர்தான்.

வண்டி முன்பு பார்த்த தொழிலும் துப்புக் கொடுக்கும். கேபின் கூரையில் நாலு போல்ட் ஓட்டையும் இரண்டு மெல்லிய ஒயரும் இருந்தால், ஒலிபெருக்கி வைத்துத் தெருத்தெருவாகக் காய்கறி விற்ற வண்டி. ஒரு ஸ்விட்ச் ஆம்ப்ளிஃபயருக்கு. பின்கதவு ஓரத்தில் ஒயர் தொங்கினால் இரவு லோடு ஏற்ற வைத்த லைட். பானெட்டைத் திறந்து வைத்து ஸ்விட்சைப் போடும்போது 'டிக்' என்று கேட்டால் அங்கே ஒரு ரிலே, அதாவது சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச், ஒளிந்திருக்கிறது.

ரிலேயைக் கழற்றி அடியில் எண்ணைப் பாருங்கள். 30 என்பது கரன்ட் வரும் கால், 87 வெளியே போகும் கால், 85-ம் 86-ம் ரிலேயை இயக்கும் காயிலின் (கம்பிச் சுருளின்) கால்கள். லைட்டுக்கும் ஹாரனுக்கும் 30, 87 இரண்டிலும் ஒயர் இருக்கும். 30-லும் 87ஏ-யிலும் ஒயர் இருந்து, 87 வெறுமையாக இருந்தால் கவனம்: இது எதையும் ஓட்டும் ரிலே அல்ல, நிறுத்தும் ரிலே. சும்மா இருக்கும்போது இணைப்பு இருக்கும். காயிலுக்குக் கரன்ட் போனால் துண்டிக்கும்.

உங்கள் பச்சை விளக்குப் பெட்டி பெரும்பாலும் இதோடு சேர்ந்த ஜி.பி.எஸ். டிராக்கர். பழைய உரிமையாளரோ, கடன் கொடுத்த நிறுவனமோ வைத்தது. உள்ளே சிம்மும் சிறு பேட்டரியும் இருப்பதால் ஒயரைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். சிம் உயிரோடு இருந்தால் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று இன்னொருவர் பார்க்கலாம். கட்-ஆஃப் ரிலேயும் இருந்தால் அங்கிருந்தே நிறுத்தவும் செய்யலாம். முதலில் ஆர்.சி.யில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கியிருந்தால், விற்றவரிடம் சொல்லிவிட்டுக் கழற்றலாம். கழற்றும்போது 30, 87ஏ கால்களிலிருந்த இரண்டு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து ஈயப்பற்று வைத்து மூட வேண்டும். அதை மறந்துவிட்டு "டிராக்கரை எடுத்தேன், வண்டி செத்துப்போச்சு" என்று டீசல் பம்ப்பை மாற்றிச் செலவு செய்பவர்கள் உண்டு.

இனி பேட்டரி இறங்கும் கதை. சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் முனைக்கும் ஒயருக்கும் நடுவே மாட்டுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள்; வண்டியின் கம்ப்யூட்டர் தூங்கப்போக நேரம் எடுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் சரி. அரை ஆம்பியர் காட்டினால் மூன்று நாளில் 36 ஆம்பியர்-ஹவர் போய்விடும்; வயதான பேட்டரி அதற்குமேல் செல்ஃபைச் சுற்றாது. எண் போட்ட ஒயர்களின் பியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் மீட்டரில் எண் சட்டென விழுகிறதோ அவன்தான் திருடன். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவி போட்டால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

வேண்டாத ஒயரை பேட்டரி முனையிலேயே கழற்றுங்கள். ஸ்விட்ச் பக்கம் வெட்டி டேப் சுற்றினால், உயிருள்ள ஒயர் பாடியில் உரசிக்கொண்டு கிடக்கும். வைத்துக்கொள்ளும் ஃபாக் லைட்டுக்கு: 55 வாட் இரண்டு என்றால் 9 ஆம்பியர் சொச்சம், 2.5 சதுர மி.மீ. ஒயர், நீல நிற 15 ஆம்பியர் பியூஸ், அதுவும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். பியூஸ் காப்பது லைட்டை அல்ல, ஒயரை.

கேள்வி: நான் வாங்கிய பிக்கப்பில் பின்னால் கூடுதல் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) போட்டிருக்கிறார்கள். லோடு நன்றாகத் தாங்குகிறது. ஆனால் முன் பிரேக் பேட் சீக்கிரம் தேய்கிறது. சம்பந்தம் உண்டா?
– பரமத்தி வேலூர் வாசகி

பதில்: நிறையவே உண்டு. பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸில் ஒரு வால்வும், அதிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் கம்பியும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பல பிக்கப்களில் உண்டு. லோடு ஏறி பாடி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். கூடுதல் பட்டை போட்டதால் லோடு ஏற்றியும் வண்டி தாழ்வதில்லை. வால்வோ வண்டி காலி என்றே நினைத்துக்கொள்கிறது. வேலை முழுக்க முன் பிரேக்கின் தலையில் விழுகிறது. நிற்க ஆகும் தூரமும் கூடுகிறது.

இதைச் 'சரிசெய்ய' அந்தக் கம்பியைக் கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டுவது இன்னும் மோசம். காலி வண்டியில், மழை ரோட்டில், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். ஒன்று, சேர்த்த பட்டையைக் கழற்றுங்கள். அல்லது சர்வீஸ் சென்டரில் கம்பியின் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முதல் வழியே நல்லது. பட்டை எத்தனை போட்டாலும் ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடை வரம்பு உயராது. கழற்றினால், பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ-போல்ட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும்.

கேள்வி: பழைய உரிமையாளர் வைத்த பல ராக ஏர் ஹாரனை வைத்துக்கொள்ளலாமா? – தென்காசி வாசகர்

பதில்: கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 119 அதைத் தடுக்கிறது. ஹாரனோடு கம்ப்ரசரையும் அதன் ரிலேயையும் சேர்த்தே கழற்றுங்கள்.

கேள்வி: சீட்டுக்குப் பக்கத்தில் சிவப்புச் சாவி போல ஒன்று. திருகினால் எல்லாம் அணைகிறது. – திருவாரூர் வாசகர்

பதில்: பேட்டரி மெயின் ஸ்விட்ச். நல்ல பொருள்தான், இரவில் அணைத்து வையுங்கள். இன்ஜின் ஓடும்போது மட்டும் திருகாதீர்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும். இன்ஜினை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துத் திருகினால் போதும்.